பிள்ளை பெற்ற வயிறும் பை எடுத்த வயிறும்

நெய்வேலியில் மகளிர் வார்டு செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க, கர்ப்பப்பை எடுக்க நாள் குறித்த பெண்கள் என்னிடம் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சிஸ்டர், இதுவும் சிசேரியன் மாதிரிதானே? எனக்கு ரெண்டு பிள்ளையும் ஆபரேஷன்தான். பதினைஞ்சே நாள்ல எழுந்து சமைச்சிட்டேன். இதுக்கும் அவ்ளோதானே?"

"கத்தி வைக்கிற இடம் ஒண்ணுதான்மா. மத்ததெல்லாம் வேற" என்பேன். வார்டில் நின்றபடி அதற்கு மேல் சொல்ல நேரம் இருக்காது. அந்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1980களின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நெய்வேலி அப்போதே பல ஊர் மக்கள் கூடி வாழ்ந்த இடம். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை கிடைத்து மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்கள் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். சுற்றிலும் மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடக்குத்து, அதற்கு அப்பால் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர்கள். செவிலியரும் அதே குவார்ட்டர்ஸ் வட்டங்களில்தான் குடியிருந்தோம். காலையில் வார்டில் ஊசி போட்ட பெண்ணை மாலையில் காய்கறிக் கடையில் பார்ப்போம். வீட்டுக்குப் போன பத்தாவது நாள், "சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்க, தையல் சிவந்திருக்கு" என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வரும். ஒரு பெண் உண்மையில் எப்படித் தேறுகிறாள் என்பதில் பாதியை வார்டில் கற்றேன். மீதிப் பாதியைக் கற்றுக்கொடுத்தவை குவார்ட்டர்ஸ் சமையலறைகள்.

நான் சேர்ந்த காலத்தில் இரண்டு அறுவைக்கும் பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே நெடுக்காகவே வெட்டுவார்கள். தையல் பிரிக்க ஏழெட்டு நாள் ஆகும். அதுவரை வார்டிலேயே இருக்க வேண்டும். காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரின் முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்ணிடம் நாங்கள் மெதுவாகக் கேட்டுச் சொல்வோம். காற்று பிரியும் வரை வாய்க்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. உதட்டில் ஈரப் பஞ்சு வைத்ததோடு சரி. அசையாமல் படுத்திருப்பதே நல்லது என்று வீட்டாரும் நம்பினார்கள்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். அடிவயிற்று மடிப்பில் குறுக்கு வெட்டு. பல இடங்களில் கரைந்துபோகும் நூல்தான். சில மணி நேரத்திலேயே தண்ணீர், பிறகு கஞ்சி. அன்று மாலையோ மறுநாள் காலையோ கட்டிலை விட்டு இறக்கி நிற்க வைக்கிறோம். "இரக்கமே இல்லையா உங்களுக்கு?" என்று அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள். அசையாமல் படுத்திருந்தால் கெண்டைக்காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சிசேரியன், கர்ப்பப்பை அறுவை இரண்டிலும் இந்த ஆபத்து உண்டு. முதல் நாள் நடக்கும் பத்து அடி பெரிய மருந்து.

வெளித்தையல் ஆறுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் தோல், கொழுப்பு, அதன் அடியில் தசையை மூடியிருக்கும் உறுதியான உறை, வயிற்றின் உள்சவ்வு எல்லாவற்றையும் திறந்துதான் உள்ளே போகிறார்கள். தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். அடியில் உள்ள உறை பழைய பலத்தில் பெரும்பகுதியைப் பெற மூன்று மாதம் போல ஆகும். தழும்புக்கு மேலே தோல் பல மாதம் மரத்தே கிடப்பதும் இரண்டிலும் உண்டு. இருமும்போதும் தும்மும்போதும் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிக்கச் சொல்வது இருவருக்குமே. ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போதும் அந்தத் தலையணை மடியில் இருக்கட்டும் என்பேன். நம் ஊர் வேகத்தடைகள் ஒவ்வொன்றும் தையலுக்குத் தெரியும்.

வித்தியாசமெல்லாம் உள்ளேதான்.

கர்ப்பிணியின் உடம்பு பல மாதங்களாகவே பிரசவத்துக்குத் தயாராகிறது. அவள் இரத்தத்தின் அளவே ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். சிசேரியனில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை இரத்தம் போனாலும் நல்ல உடம்புள்ளவள் தாங்குவது அதனால்தான். கர்ப்பப்பை பெரிதாகி வயிற்றின் முன்பக்கம் வந்து நிற்பதால் டாக்டர் அதை எளிதில் எட்டுகிறார். பிள்ளையை எடுத்து, நஞ்சை எடுத்து, பையைத் தைத்துவிடுகிறார். உடம்பிலிருந்து எந்த உறுப்பும் போவதில்லை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

கர்ப்பப்பையை எடுப்பது வேறு. சுருங்கிய நிலையில் அது இடுப்பெலும்புக் குழியின் ஆழத்தில், முன்னால் சிறுநீர்ப்பைக்கும் பின்னால் மலக்குடலுக்கும் நடுவில் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் தசைநார்களைக் கட்டி வெட்ட வேண்டும். இரத்தக்குழாய்களைக் கட்ட வேண்டும். சிறுநீர்ப்பையைப் பிரித்துக் கீழே தள்ள வேண்டும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் ஓரிரு சென்டிமீட்டர் பக்கத்தில்தான் ஓடும். அதில் கத்தி படக் கூடாது. குடலை ஒதுக்கிப் பஞ்சுத் துணியால் தடுத்து வைக்க வேண்டும். கடைசியில் பிறப்புறுப்பின் உச்சியைத் தைத்து மூட வேண்டும். இந்த உச்சித் தையல்தான் இந்த அறுவையின் முக்கியமான காயம். அந்தப் பெண்ணுக்கோ அவள் வீட்டாருக்கோ அது கண்ணில் படாது. அப்படி ஒரு தையல் இருப்பதே பலருக்குத் தெரியாது.

என்னிடம் கேள்வி கேட்ட பெண்கள் அறியாத இன்னொன்றும் உண்டு. இரண்டு முறை சிசேரியன் ஆனவளுக்குக் கர்ப்பப்பை எடுப்பது கூடுதல் சிரமம். பழைய தழும்பில் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பிரித்தெடுக்க நேரமாகும். "ரெண்டு தடவை தாங்கினேன், மூணாவதையும் தாங்குவேன்" என்ற அவள் கணக்கு, அந்த முதல் இரண்டாலேயே தப்பாகிவிடுகிறது. வயதும் இருக்கிறது. சிசேரியன் நடந்தபோது அவளுக்கு இருபத்தைந்து. இப்போது நாற்பத்தைந்து. இடையில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட இரத்தசோகை. கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டியால் அவதிப்படுபவள் வருடக்கணக்காக மாதாமாதம் இரத்தத்தை இழந்துகொண்டே வருகிறாள். முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் பெண்கள் சிலர் ஹீமோகுளோபின் ஆறு, ஏழு என்று வந்து நிற்பார்கள். உள்ளங்கை வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "எப்பவும் இப்படித்தான் சிஸ்டர், பொம்பளன்னா இருக்கிறதுதானே" என்பார்கள். இரத்தம் ஏற்றியோ, நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து செலுத்தியோ ஓரளவு தேற்றிய பிறகுதான் அறுவை. அறுவை நல்லபடியாக முடிந்தாலும் உடம்பின் இரும்புக் கையிருப்பு நிரம்ப மாதக்கணக்காகும். தையல் ஆறிய பிறகும் இவர்களுக்குக் களைப்பு தீராததற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் அதைச் சோம்பல் என்பார்கள்.

சிசேரியன் ஆனவள் சுலபமாகத் தேறிவிடுகிறாள் என்று நான் சொல்லவில்லை. அவளுடைய பாடு வேறு. பிரசவம் முடிந்ததும் ஒரு கிலோ எடையில் இருக்கும் கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் அறுபது எழுபது கிராமுக்குச் சுருங்க வேண்டும். பிள்ளை மார்பில் வாய் வைக்கும்போதெல்லாம் அது இறுகிச் சுருங்கும். புதுத் தையலோடு சேர்ந்து அந்த வலி கண்ணீரை வரவழைக்கும். நான்கு முதல் ஆறு வாரம் வரை தீட்டு போகும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் கொடுக்க எழ வேண்டும். கர்ப்பப்பை எடுத்தவளுக்கு ஓய்வு கிடைத்தால் இரவு முழுக்கத் தூங்கலாம். சிசேரியன் ஆனவளுக்குத் தூக்கம் என்பதே துண்டு துண்டாகத்தான்.

குவார்ட்டர்ஸில் எங்கள் தெருவில் கொல்லம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். முதல் பிள்ளை, சிசேரியன். அவள் அம்மா வந்து இருந்த வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அம்மா ஊருக்குப் போனதும் கணவருக்கு சி ஷிப்ட் வந்தது. இரவு முழுக்கச் சுரங்கம், பகலில் அவர் தூங்க வேண்டும். பிள்ளை அழுதால் அவர் விழித்துவிடுவார் என்று இவள் பகல் முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நடந்தாள். தையல் பிரிந்து சீழ் வைத்தது. காய்ச்சலோடு வந்தாள். கணவர் நல்ல மனிதர்தான். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவரை உட்கார வைத்து, பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் அப்பாவும் செய்யலாம் என்று சொன்னேன். அன்றிலிருந்து துணி துவைத்தது அவர்தான். ஷிப்டுக்குப் போகுமுன் பிள்ளையைக் குளிப்பாட்டவும் கற்றுக்கொண்டார்.

நம் வீடுகளின் பத்தியத்தையும் பலமுறை பார்த்தேன். பச்சை உடம்பு என்று சொல்லிப் பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, காய மருந்து எல்லாம் கொடுப்பார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. மீனும் பூண்டும் நல்ல சாப்பாடுதான். சண்டை போட்டதெல்லாம் தண்ணீருக்காக. "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், தையல் ஆறாது" என்று ஒரு மாமியார் நாளுக்கு இரண்டு டம்ளர் வெந்நீர் மட்டும் அளந்து கொடுத்தார். மருமகளுக்குச் சிறுநீர் எரிச்சல், மலச்சிக்கல், பால் கொடுத்துவிட்டு எழுந்தால் தலைசுற்றல். "அத்தை சொன்னா மீற முடியாது சிஸ்டர்" என்றாள். நான் அந்த அம்மாவிடம், "பால் எதுலேருந்து சுரக்குதும்மா? தண்ணி இல்லாம உங்க பேரனுக்கு எங்கேருந்து பால் வரும்?" என்று கேட்டேன். பேரன் பெயரைச் சொன்னதும் குடமே வந்தது.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் பின்னால் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளை ஒரு மாதம், நாற்பது நாள் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்பதை நம் வீடுகள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. தாய்வீடு அதற்காகவே இருக்கிறது. கர்ப்பப்பை எடுத்தவளுக்கு அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. அவளுடைய அம்மாவுக்கு எழுபது வயது. மகள் கல்லூரியில். பார்க்க வருபவர்கள் கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருக்கும். ஒரு வாரத்துக்குப் பிறகு அதுவும் நின்றுவிடும். கையில் பிள்ளை இல்லாததால் அவள் நோயாளி என்பதே வீட்டுக்கு மறந்துபோகும்.

எங்கள் வட்டத்தில் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி வெளியூர் மருத்துவமனை ஒன்றில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் காலனித் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்திருக்கிறாள். நிறைகுடம் பன்னிரண்டு, பதினைந்து கிலோ இருக்கும். அன்று மாலையே உதிரம் கொட்டியது. அவள் மகன் சைக்கிளில் என்னைத் தேடி ஓடி வந்தான். உச்சித் தையலில் இரத்தக்கசிவு. மறுபடி சேர்த்து, மறுபடி தைத்து, கூடுதலாக ஒரு மாதம் போனது. "யாரும் சொல்லலியே சிஸ்டர். வெளித்தையல் காஞ்சுபோச்சு, சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

அதிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணிடமும், அவளோடு வந்தவரிடமும், பொருட்களின் பெயரைச் சொல்லியே எச்சரித்தேன். 'பாரம் தூக்காதே' என்றால் யாருக்கும் பதிவதில்லை. நிறைகுடம், கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, ஈரத்துணி நிறைந்த வாளி, ஓடி வந்து ஏறும் பேரப்பிள்ளை என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஆறு வாரம் இவை எதுவும் கூடாது. சிசேரியன் ஆனவளுக்குச் சொல்லும் அளவு எளிது. உன் பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதே.

இரண்டாவது வாரத்தில் உள்தையல் நூல் கரையும்போது கொஞ்சம் பழுப்பாகவோ சிவப்பாகவோ கசிவது இயல்பு. நாப்கின் நனைகிற அளவு போனால் அது இயல்பில்லை. கணவன் மனைவி சேருவதை டாக்டர் உள்ளே பார்த்து, ஆறிவிட்டது என்று சொல்லும் வரை தள்ளிவைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு இன்னும் கூட. இதை ரவுண்ட்ஸில் யாரும் கேட்க மாட்டார்கள், நாங்களும் எல்லார் முன்னாலும் சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுக்கும்போது கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு, "சரிங்க சிஸ்டர்" என்று போவார்கள். சொன்னால் புரிந்துகொள்கிற ஆண்கள்தான் அதிகம்.

2000க்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போய் லேப்ராஸ்கோப்பில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். 1988இல் அமெரிக்காவில் ஹாரி ரைக் என்ற மருத்துவர் முதன்முதலில் செய்த முறை அது. வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள். வலி குறைவு, இரண்டு நாளில் வீடு. நல்ல முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. அதற்கு முன்பிருந்தே வயிற்றில் வெட்டே இல்லாமல் கீழ்வழியாக எடுக்கும் முறையும் உண்டு. கர்ப்பப்பை அடி இறங்கியவர்களுக்கு அதைத்தான் அதிகம் செய்தோம். அவர்களும் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள்.

ஆனால் கதவை உடைக்காமல் ஜன்னல் வழியாகச் சாமானை இறக்கினாலும் வீட்டுக்குள் காலியான இடம் ஒன்றுதான். உள்ளே கட்டிய இரத்தக்குழாய்களும் உச்சித் தையலும் எந்த முறையிலும் உண்டு. பள்ளி ஆசிரியை ஒருவர் சென்னையில் லேப்ராஸ்கோப் செய்துகொண்டு வந்தார். ஒரு வாரம்கூட முடியவில்லை, வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரம் வந்துவிட்டது. காவடி பார்க்க வந்த உறவினர் கூட்டத்துக்கு இட்லி மாவு ஆட்டி, நின்றபடியே சமைத்தார். "மூணு பொட்டுதானே அக்கா, எங்க ஆபரேஷன் பண்ணாங்கன்னே தெரியல" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார். நான்காம் நாள் காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாகப் படுத்தவர் எழுந்திருக்க மூன்று வாரமானது. வெளியே தழும்பு சின்னதாக இருப்பதால் வீட்டார் மட்டுமல்ல, அந்தப் பெண்ணே தன் உடம்பை மதிக்காமல் போகிறாள். புதிய முறையில் நான் கண்ட ஒரே ஆபத்து அதுதான்.

சினைப்பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிசேரியனில் அதைத் தொடுவதில்லை. கர்ப்பப்பை அறுவையில் சில நேரம் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். நாற்பது வயதுப் பெண்ணுக்கு அப்படிச் செய்தால், பல வருடங்களில் மெல்ல மெல்ல வர வேண்டிய மாதவிடாய் நிறுத்தம் ஓர் இரவில் வந்து விழும். உடம்பெல்லாம் தீப்பற்றியது மாதிரி சூடு ஏறும், வியர்வை கொட்டும், தூக்கம் போகும், காரணமில்லாமல் அழுகை வரும். எலும்பு தேய்வது வேகமாகும், இதயநோய் வாய்ப்பு கூடும். சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு மாதவிடாய் நிறுத்தத்தின் மாற்றங்கள் ஓரிரு வருடம் முன்னதாக வரலாம்.

ஒரு தொழிலாளியின் மனைவி நள்ளிரவில் எழுந்து வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். என் அம்மா வயதில் ஒரு பாட்டி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு சினைப்பையும் எடுக்கப்பட்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. "பையைத்தான் எடுத்தாங்க" என்றார். மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப்போய், ஹார்மோன் மாத்திரையும் கால்சியமும் தொடங்கிய சில வாரத்தில் தூங்க ஆரம்பித்தார். மந்திரிக்க வந்தவரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மனசின் பாடு இரண்டிலும் உண்டு. சிசேரியன் ஆனவள் பிள்ளையைப் பார்த்து ஏன் அழுகிறாள் என்று வீடு திகைக்கும். முதல் சில நாள் அழுகை தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் பிள்ளையைத் தொடப் பிடிக்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். கர்ப்பப்பை எடுத்தவள் அழும்போது அதைக் கேட்கவே ஆள் இருப்பதில்லை. பல வருட இரத்தப்போக்கு நின்று நிம்மதியானவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "இப்பத்தான் சிஸ்டர் வெள்ளைப் புடவை கட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போறேன்" என்று சிரித்த கேரளத்துப் பெண்மணி அவர்களில் ஒருவர். 'இனி நான் பெண்ணே இல்லை' என்று ஒடுங்கிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு முகத்துக்கும் நடுவில் நின்ற பெரிய வித்தியாசம், கணவர் சொன்ன ஒரு வார்த்தையாகத்தான் பெரும்பாலும் இருந்தது.

இரண்டு அறுவையும் ஒரே இரவில் ஒரே பெண்ணுக்கு நடந்ததும் உண்டு. மூன்றாவது பிரசவம், முன்பு இரண்டும் சிசேரியன். நஞ்சு பழைய தழும்பிலேயே வேரோடி ஒட்டியிருந்தது. பிள்ளையை எடுத்ததும் இரத்தம் நிற்கவில்லை. ஊசிகள், மசாஜ், கட்டு எதற்கும் அடங்கவில்லை. உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் உடையைக்கூட மாற்றாமல் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். அவள் பிழைத்தாள். அறுவை வரலாற்றில் இவை இரண்டும் இப்படித்தான் ஒன்றாகச் சந்தித்தன. 1876இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ என்ற மருத்துவர், பிள்ளையை வயிறு கிழித்து எடுத்த கையோடு கர்ப்பப்பையையும் எடுத்துத் தாயைப் பிழைக்க வைத்தார். கர்ப்பப்பையைத் தைத்து மூடலாம் என்று 1882இல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர் காட்டிய பிறகுதான், பையை விட்டுவைத்துத் தாயையும் காப்பாற்றும் இன்றைய சிசேரியனுக்கு வழி பிறந்தது.

ஒரே இரவில் இரண்டு அறுவையும் நடந்த அந்த எங்கள் ஊர்ப் பெண் தேறியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஒரு கையில் பால் குடிக்கும் பிள்ளை, உள்ளே உச்சித் தையல், உடம்பில் இரத்தமே இல்லாத களைப்பு. இரண்டு பாடும் ஒன்றாக வந்தபோது எது கடினம் என்று அவளிடம் கேட்டேன். "பிள்ளை இருக்கிறதால வலி தெரியல சிஸ்டர். ஆனா பிள்ளை இருக்கிறதாலதான் படுக்கவும் முடியல" என்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் அவள் முகத்தில் நிறம் வந்தது. அதுவரை அவள் மாமியார் ஒரு குடம்கூடத் தூக்க விடவில்லை. அந்த அம்மாவை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

சுற்றியிருப்பவர்கள் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதை 2011 டிசம்பர் 30இல் பார்த்தேன். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த காலை, நகரியத்தின் மரங்கள் தெருத்தெருவாக விழுந்து கிடந்தன. ஆட்டோ போக வழியில்லை. சில நாள் முன்பு அறுவை முடிந்து வீடு திரும்பிய பெண்கள் கிளைகளைத் தாண்டித் தண்ணீருக்கு அலையும் நிலை. எங்கள் தெரு இளைஞர்கள் யாருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று என்னிடம் கேட்டு, அந்த வீடுகளுக்கு முதலில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தார்கள். சிசேரியன், கர்ப்பப்பை என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

சட்டம் பிரித்துப் பார்க்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. நல்ல சட்டம். கர்ப்பப்பை எடுத்தவள் பெரும்பாலும் தன் மருத்துவ விடுப்பிலிருந்துதான் கழித்துக்கொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. இருந்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி. கேரளத்திலும் ஆந்திரத்திலும் அரசுப் பணியிலிருக்கும் பெண்களுக்கு இந்த அறுவைக்கென்றே 45 நாள் தனி விடுப்பு இருக்கிறது. முந்திரிக்கொட்டை உடைப்பவளுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும் இவை எதுவும் கிடையாது. வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எரியாது. எங்கள் வட்டத்தில் வேலைக்கு வந்த அந்தப் பெண் இரண்டு வாரத்தில் குடம் தூக்கியதற்கு அறியாமை மட்டும் காரணம் இல்லை.

இரண்டு அறுவையின் எண்ணிக்கையும் இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2015-16இல் 34.1 சதவீதமாக இருந்த சிசேரியன் பிரசவங்கள், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 44.9 சதவீதமாகிவிட்டன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் மூன்றே ஆண்டுகளில் 4,605 பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டது 2019இல் வெளியே வந்தது. கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் பக்கத்திலும் வெள்ளைப்படுதலுக்கே "எடுத்துடலாம், இல்லைன்னா கேன்சராகும்" என்று பயமுறுத்தப்பட்டு என்னிடம் வந்த பெண்கள் உண்டு. இன்னொரு டாக்டரிடம் அனுப்பியதில் சிலருக்கு மாத்திரையே போதுமாயிருந்தது. அதிக இரத்தப்போக்குக்கு மருந்தோடு உள்ளே வைக்கும் சாதனமும் இருக்கிறது. எடுத்த பை திரும்ப வராது. எடுக்கும் முன் இரண்டாவது டாக்டரைக் கேளுங்கள், சினைப்பையை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எந்த அறுவையாக இருந்தாலும் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் உதிரம், துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், தன்னை அறியாமல் சிறுநீர் ஒழுகுவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிசேரியன் ஆனவள் அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விட வேண்டும். இருவருமே இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை டாக்டரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். வயதான பிறகு இருமினால் சிறுநீர் கசியாமலிருக்க அது உதவும்.

எது கடினம் என்ற கேள்விக்கு, இத்தனை வருடம் பார்த்தபின் நான் சொல்லும் பதில் இது. சிசேரியன் ஆனவளுக்குத் தூக்கமும் துணையும் வேண்டும். கர்ப்பப்பை எடுத்தவளுக்குக் காலமும் நம்பிக்கையும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை அளக்காதீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் சோறு போடத் தெரிந்த வீடுகள் நம்முடையவை. அதே நாற்பது நாளை, அந்தப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின் கர்ப்பப்பையை இழந்து வீடு திரும்பும் அம்மாவுக்கும் கொடுங்கள். குடத்தை மகன் தூக்கட்டும், அடுப்பைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.